உத்தரியமும் அதன் துணியும்

உத்தரியம் என்பது தமிழர்க்குப் புதிய சொல் அன்று. வேட்டிக்கு மேலாகத் தோளில் இடும் துணி உத்தரியம் எனப்படும். கோயிலுக்குச் செல்லும் முதியவர் தோளிற் போடும் சால்வையும், மணவறையில் மாப்பிள்ளையின் தோளிற் கிடக்கும் பட்டும் உத்தரியமே. வடமொழியில் உத்தரம் என்றால் மேல் என்பது பொருள். மேலே அணிவது உத்தரியம் ஆயிற்று. இச்சொல்லைக் கத்தோலிக்கத் தமிழ் மக்கள் தம் பக்தி வாழ்வில் ஒரு சிறு பொருளுக்குப் பெயராக வழங்குகின்றனர். பெருவிரல் அகலமோ அதனிற் சற்றுக் கூடிய அகலமோ உள்ள இரண்டு துணித் துண்டுகள், அவற்றை இணைக்கும் இரண்டு நாடாக்கள், ஒரு துண்டு மார்பிலும் மற்றது முதுகிலும் தொங்க, நாடாக்கள் இரு தோள்களின்மீதும் செல்லும். இதுவே அவ்வுத்தரியம். கார்மேல் மலை மாதாவை எம்மவர் உத்தரிய மாதா என்று அழைப்பதும் இதனாலேயே.

முதலில் ஒரு சொல் மயக்கத்தை நீக்கிவிடுதல் நலம். மரித்த ஆன்மாக்கள் தம் குறை தீர்ந்து தூய்மை அடையும் நிலையை எங்கள் பழைய செப நூல்கள் உத்தரிக்கிற ஸ்தலம் என்று கூறும். அங்கே உத்தரித்தல் என்பது பட்டுத் தீர்த்தல் என்னும் பொருளது. ஒலி ஒத்திருத்தலால், உத்தரியம் என்ற பெயர் அவ்விடத்தைக் குறித்தே எழுந்தது எனச் சிலர் எண்ணுவதுண்டு. அது பொருந்தாது. இலத்தீன் மொழியில் இப்பொருளுக்கு வழங்கும் பெயர் ஸ்கப்புலாரே என்பது. ஸ்கப்புலே என்றால் தோட்பட்டைகள். ஆகவே தோளில் இடும் ஆடை என்பதே அதன் நேர்ப்பொருள். எம் முன்னோர் அதற்கு உத்தரியம் என்று பெயரிட்டது மிகப் பொருத்தமான தெரிவு என்றே சொல்ல வேண்டும். இந்தப் பெயரை மறவாதிருந்தால், இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பாதி விளங்கிவிடும்.

நெடுங்காலம் பாடசாலைப் பிள்ளைகளோடு பழகியவர்கள் எல்லோரும் ஒரு வினாவைக் கேட்டிருப்பார்கள். சட்டையின் கழுத்தோரத்தில் ஒரு கபில நிற நாடா வெளியே தெரியும். பக்கத்தில் இருக்கும் வேற்றுச் சமயப் பிள்ளை, “இது என்ன, மந்திரித்த நூலா? அச்சரக்கூடா?” என்று கேட்கும். அணிந்திருக்கும் பிள்ளைக்கோ விடை சொல்லத் தெரியாது. மற்றொரு வினா வீடுகளிற் பெரியவர்களிடையே எழுவது. “கடையில் வாங்கிய இந்த உத்தரியம் கம்பளி அன்று, வெறும் நைலோன் துணி என்கிறார்களே, அப்படியானால் இத்தனை காலம் அணிந்ததற்குப் பலன் இல்லையா?” என்பது அது. இரண்டாம் வினாவைக் கேட்போர் பலர் உள்ளூரக் கலங்கியே கேட்கின்றனர். சாகக் கிடக்கும் தாயின் கழுத்தில் இருப்பது சரியான துணியா என்று பிள்ளைகள் கவலைப்படும்போது, அதனைச் சிறு விடயம் என்று தள்ளிவிட இயலாது. இவ்விரு வினாக்களுக்கும் ஒரே இடத்தில் விடை உண்டு. அதை அறிய உத்தரியத்தின் பிறப்பை நோக்குதல் வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அர்ச்சியசிஷ்ட ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கென ஓர் ஒழுங்குநூல் வகுத்தார். அதன் 55 ஆம் அதிகாரம் துறவிகளின் உடையைப் பற்றியது. அங்கே, வேலைக்காக ஓர் உத்தரியம் இருக்கட்டும் என்று அவர் விதிக்கின்றார். வேலைக்காக என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். வயலில் மண் கிளறுவோரும் அடுக்களையில் விறகு சுமப்போரும் தம் அங்கி அழுக்காகாதபடி மேலே இட்ட துணியே அது. காலப்போக்கில் அது தோளளவு அகலமும், முன்னும் பின்னும் ஏறத்தாழப் பாதம் வரை நீளமும் கொண்ட நெடும் பட்டையாகி, பல துறவற சபைகளின் உடையில் நிலையான உறுப்பாயிற்று. தலை நுழைய நடுவில் ஒரு திறப்பு மட்டும் இருக்கும். உழைப்பின் உடை துறவின் உடையாயிற்று. தோளிற் சுமப்பது ஆகையால், கிறிஸ்துவின் நுகத்தைச் சுமத்தல் என்ற கருத்தையும் அதனோடு சேர்த்து எண்ணினர்.

துறவற சபைகளின் அருகில் வாழ்ந்த பொதுமக்கள், இல்லறத்தில் இருந்துகொண்டே அச்சபைகளின் செபத்திலும் புண்ணியத்திலும் பங்குகொள்ள விரும்பினர். அவர்களுக்கென மூன்றாம் சபைகளும் பக்திச் சபைகளும் தோன்றின. சபையின் உடையிலே ஓர் உறுப்பை அவர்களுக்கு அளிப்பது உறவின் அடையாளம். ஆயின் தச்சனும் உழவனும் பிள்ளை பெற்ற தாயும் பாதம் வரை தொங்கும் பட்டையோடு எவ்வாறு தொழில் செய்வர்? எனவே பட்டை படிப்படியாகச் சுருங்கிற்று. மூன்றாம் சபையார் அணிந்த உத்தரியம் ஓரளவு பெரிதாகவே நின்றது. பக்திச் சபையாருக்குரியதோ, ஆடைக்குள் மறையும் சிறு துண்டுகள் இரண்டாகக் குறுகிற்று. ஆகவே நாம் இன்று காணும் சிறு உத்தரியம் ஒரு முழு ஆடையின் சிற்றுருவம். அதிலுள்ள நாடாக்கள் தோட்பகுதியைக் குறிக்கும். துண்டுகள் முன்புறத்தையும் பின்புறத்தையும் குறிக்கும்.

இதிலிருந்தே துணி பற்றிய விதிகள் எல்லாம் பிறக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உத்தரியங்கள் பலவாகப் பெருகியபோது, எது உண்மையான உத்தரியம் என்னும் ஐயமும் பெருகிற்று. அக்காலத்தில் நிலைபெற்ற விதிகளைச் சுருங்கக் கூறுகிறேன். இரு துண்டுகளும் கம்பளியாய் இருத்தல் வேண்டும். அக்கம்பளியும் தறியில் நெய்ததாய் இருத்தல் வேண்டும். பருத்தி, சணல்நூல், பட்டு என்பன ஏற்கப்படவில்லை. துண்டுகள் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அமைதல் வேண்டும். நிறம் அந்தந்தச் சபையின் உடைநிறத்தையோ, அந்த உத்தரியம் நினைவூட்டும் மறைபொருளையோ தழுவியதாய் இருத்தல் வேண்டும். ஒரு துண்டு மார்பிலும் மறுதுண்டு முதுகிலும் விழ அணிதல் வேண்டும். சட்டைப் பையிலே மடித்து வைத்திருப்பது அணிதல் ஆகாது.

நாடாவைப் பற்றியோ பெரும்பாலும் கட்டாயம் இல்லை. அது பருத்தியாகவும் பட்டாகவும் இருக்கலாம், எந்நிறமும் ஆகலாம். துண்டுகளின்மேல் மாதாவின் படம், பெயர், சின்னம் முதலியவற்றை வேறு நூலாலோ வேறு துணியாலோ தைப்பதற்கும் தடையில்லை. படமே இல்லாத வெறுந்துண்டுகளும் கார்மேல் உத்தரியமாக நிறைவுடையனவே. இங்கே ஒரு நுட்பம் உண்டு. கண்ணைக் கவரும் படமும் பளபளக்கும் நாடாவும் விருப்பத்திற்கு விடப்பட்டன; ஒருவரும் உற்று நோக்காத முரட்டுத் துணிக்கோ விதி வகுக்கப்பட்டது. அச்சரக்கூடாயின் உள்ளே எழுதிய எழுத்தும் அடைத்த பொருளுமே முதன்மை பெறும். உத்தரியத்திலோ உள்ளே அடைத்தது எதுவும் இல்லை. அது ஓர் ஆடை. ஆடைக்குத் துணியே உயிர். பிள்ளைகள் கேட்ட முதல் வினாவிற்கு இதுவே விடை.

இனி, கம்பளி ஏன் என்பதை நோக்குவோம். ஐரோப்பாவின் மத்திய காலத்தில் கம்பளி ஏழை எளியோரின் அன்றாடத் துணி. செம்மறி மேயாத நாடு அங்கே அரிது. பட்டு தூர கிழக்கிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. பருத்தியும் வடபுலத்திற்குப் பெரிதும் வெளியிலிருந்தே வந்தது. ஏழ்மையை விரதமாக ஏற்ற துறவியர், சாயம் தோய்க்காத முரட்டுக் கம்பளியை விரும்பி அணிந்தனர். வெள்ளாட்டின் நிறமும் கருஞ்செம்மறியின் நிறமும் போல, இயற்கையில் மயிருக்கு உள்ள வெண்மை, கருமை, கபிலம், சாம்பல் என்பனவே அவர்தம் உடைநிறங்கள் ஆயின. 1562 ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டு அவிலா நகரில் சீர்திருத்தக் கார்மேல் மடத்தைத் தொடங்கிய அர்ச். தெரேசம்மாளும் தம் கன்னியர்க்குப் பரும்படியான கம்பளி உடையையே விதித்தார். ஆகவே உத்தரியத்திற் கம்பளியை வேண்டியது, கம்பளியில் ஏதோ மறைவான ஆற்றல் உண்டு என்பதற்காக அன்று. ஏழைத் துறவியின் அங்கி எத்துணியோ அதே துணி அதன் சிற்றுருவிலும் இருக்க வேண்டும் என்பதற்காகவே.

இதே காரணத்தால் கார்மேல் உத்தரியத்தின் கபில நிறமும் மிகக் கண்டிப்பானது அன்று. இயற்கைக் கம்பளியின் கபிலம் ஓரிடத்தில் வெளிர்ந்தும் ஓரிடத்திற் கருத்தும் இருக்கும். கறுப்புத் துணியால் ஆன கார்மேல் உத்தரியமும் ஏற்கத்தக்கது என்றே விதி கூறிற்று. கடையில் வாங்கிய துண்டு சற்றே கருநிறமாக இருக்கிறது என்று வருந்துவோர் இதனை அறிந்து ஆறுதல் கொள்ளலாம்.

கபிலம் மட்டுமே உத்தரியத்தின் நிறம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையிற் பல நிற உத்தரியங்கள் உண்டு. அவற்றுள் ஐந்து பேர்பெற்றவை. வெள்ளைக் கம்பளியிற் சிவப்பும் நீலமுமான சிலுவை தாங்கியது பரிசுத்த திரித்துவ உத்தரியம். இது சிறைப்பட்டோரை மீட்பதற்கென எழுந்து, 1198 ஆம் ஆண்டில் பாப்பரசர் மூன்றாம் இன்னொசெந்துவின் அங்கீகாரம் பெற்ற திரித்துவ சபையின் உடையைத் தழுவியது. கபிலம் கார்மேல் சபைக்கு உரியது. கறுப்பு, வியாகுல மாதாவின் உத்தரியம்; 1233 ஆம் ஆண்டில் புளோரன்சு நகர வணிகர் எழுவர் தொடங்கிய மரியாளின் ஊழியர் சபையோடு தொடர்புடையது. நீலம், அமலோற்பவ மாதாவின் உத்தரியம். நேப்பிள்சு நகரில் வாழ்ந்த ஊர்சுலா பெனின்காசா என்னும் கன்னிகையின் பக்தியிலிருந்து எழுந்தது. 1671 ஆம் ஆண்டில் பாப்பரசர் பத்தாம் கிளமெந்து அதனை ஆசீர்வதிக்கும் அதிகாரத்தைத் தேயத்தின் சபைக் குருமார்க்கு அளித்தார்.

ஐந்தாவது சிவப்பு, திருப்பாடுகளின் உத்தரியம். வின்சென்ட் தே பவுல் புண்ணியவாளரின் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த அப்போலின் ஆந்திரிவோ என்னும் சகோதரி 1846 ஆம் ஆண்டிற் கண்ட காட்சியிலிருந்து தோன்றிய இது, மறு ஆண்டிலேயே பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதரின் இசைவைப் பெற்றது. இதற்கு மட்டும் விதிகள் சற்று இறுக்கமானவை. ஒரு துண்டிற் சிலுவையில் அறையுண்ட ஆண்டவரும் பாடுகளின் கருவிகளும், மறுதுண்டில் இயேசு மரியாயின் இருதயங்களும் இடம்பெறுதல் வேண்டும். நாடாவும் சிவப்புக் கம்பளியாகவே இருத்தல் வேண்டும். ஐந்து உத்தரியங்களையும் ஒரே நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்து அணியும் வழக்கமும் உண்டு. அப்போது நாடா சிவப்புக் கம்பளியாதல் வேண்டும். சிவப்பு ஒருபுறத்தில் வெளியே தெரியவும், திரித்துவச் சிலுவை மறுபுறத்திற் தெரியவும் அடுக்குவர்.

வடிவ விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. அர்ச். மிக்கேல் அதிதூதரின் உத்தரியம் கேடய உருவானது. ஒரு துண்டு நீலம், மற்றது கறுப்பு. நாடாவும் அவ்வாறே ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. பச்சை உத்தரியம் என்று வழங்குவதோ உண்மையில் உத்தரியம் அன்று. 1840 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சகோதரி யூஸ்தீன் பிஸ்கெய்புரு கண்ட காட்சியிலிருந்து எழுந்த அது, ஒற்றை நாடாவில் தொங்கும் ஒற்றைத் துண்டு. அது எச்சபையின் உடையையும் குறியாது. அதை அணிவிக்கும் சடங்கும் இல்லை. ஆடையின் சிற்றுருவம் எது, பக்திச் சின்னம் எது என்று பிரித்தறிய இவ்வெடுத்துக்காட்டு உதவும்.

கார்மேல் உத்தரியத்தின் வரலாற்றையும் ஒளிவின்றிக் கூறுதல் நன்று. பலஸ்தீன நாட்டுக் கார்மேல் மலை, எலியாஸ் தீர்க்கதரிசியின் நினைவு தங்கிய மலை. அங்கே தவம் செய்த துறவியர்க்கு 1206 ஆம் ஆண்டிற்கும் 1214 ஆம் ஆண்டிற்கும் இடையில் எருசலேம் மறைமுதல்வர் அல்பேர்ட் ஓர் ஒழுங்கு அளித்தார். பின்னர் அவர்கள் ஐரோப்பாவிற் குடியேறினர். 1251 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் நாள் தேவமாதா இங்கிலாந்தில் அர்ச். சீமோன் ஸ்தொக் என்பவர்க்குக் காட்சி தந்து உத்தரியத்தை அளித்தார் என்பது சபையின் மரபு. இம்மரபைக் கூறும் எழுத்துச் சான்றுகள் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கின்றன. அவ்வாறே, உத்தரியம் அணிந்தோரை மரணத்தின் பின் வரும் சனிக்கிழமையில் மாதா மீட்பாள் என்று பாப்பரசர் இருபத்திரண்டாம் அருளப்பரின் பெயரால் 1322 ஆம் ஆண்டுக்குரியதாக வழங்கிய ஓலை, அவருடையது அன்று என்பது ஆய்வாளர் முடிபு. பக்தி வரலாற்றாராய்ச்சியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. எலியாஸ் தம் மேலாடையை எலிசேயுவிடம் விட்டுச் சென்றதாக வேதாகமம் கூறுகின்றது. ஆடை கொடுத்தல் உறவும் பொறுப்பும் கொடுத்தல் என்னும் கருத்து அத்துணைப் பழையது. உத்தரியம் அக்கருத்தின்மீது உறுதியாக நிற்கின்றது.

இந்தக் கருத்தை மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர். கார்மேல் உத்தரியத்தின் 700 ஆண்டு நிறைவையொட்டி 1950 ஆம் ஆண்டில் அவர் எழுதிய திருமுகத்தில், இது மாதாவுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தலின் அடையாளம் என்றும், இதை அணிந்தோர் சோம்பியிருந்துகொண்டே மீட்பு அடையலாம் என்று எண்ணலாகாது என்றும் உணர்த்தினார். துணி ஆன்மாவைக் காப்பதில்லை. துணி எதற்கு அடையாளமோ அந்த வாழ்வே காக்கும் என்பது இதன் சாரம்.

இனி, எம்போன்ற வெப்ப நாட்டு மக்களுக்கு நேரான இடர்ப்பாட்டிற்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஏழையின் துணியாகிய கம்பளி, இங்கே எவருடைய அன்றாடத் துணியும் அன்று. எங்கள் உடை பருத்தி. யாழ்ப்பாணத்துச் செம்மறியும் இறைச்சிக்காக வளர்க்கப்படுவதேயன்றிக் கம்பளி தருவது அன்று. அதன் உடலில் உள்ளது குறுமயிர். ஆகவே எளிமையைக் காட்ட வந்த துணி, கடல் கடந்து வந்தவுடன் வாங்கற்கரிய துணியாகிவிட்டது. வியர்வை, உப்புக்காற்று, மழையீரம் என்பன அதனை விரைவிற் கெடுக்கும். நாள் முழுதும் கடலில் நின்று வலை இழுப்பவர் கழுத்தில் அது எத்தனை நாள் நிற்கும்?

இவ்விடர் எங்களுக்கு மட்டும் உரியது அன்று. ஆபிரிக்காவின் வெப்ப நாடுகளிற் பணியாற்றிய மறைபரப்புக் குருமாரும் இதனையே முறையிட்டனர். 1910 ஆம் ஆண்டு திசெம்பர் 16 ஆம் நாள், பாப்பரசர் பத்தாம் பத்திநாதரின் ஆணைப்படி, துணி உத்தரியத்திற்குப் பதிலாக உலோகப் பதக்கம் அணிய அனுமதி வழங்கப்பட்டது. பதக்கத்தின் ஒருபுறத்தில் திரு இருதய ஆண்டவரும் மறுபுறத்தில் தேவமாதாவும் இருத்தல் வேண்டும். எவ்வுலோகமும் ஆகலாம். ஆயினும் இரு வரம்புகள் இடப்பட்டன. முதன்முறை குருவானவர் அணிவிக்கும்போது துணி உத்தரியமே வேண்டும். பதக்கம் அதன் பின்னரே. மேலும், மக்கள் வழக்கம்போலத் துணியையே அணிந்துவருதல் தமக்கு மிக விருப்பம் என்று அப்பாப்பரசர் அவ்வாணையிலேயே தெரிவித்தார். 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆசீர்வாதச் சடங்கு நூலும் இந்நெறியையே பின்பற்றுகின்றது.

இவ்வனுமதி எமக்கு ஒரு பாடம். கம்பளியிலேயே ஆற்றல் இருந்ததாயின், அதனை உலோகமாக மாற்ற எவரும் இசைந்திரார். இசைந்தனர், ஏனெனில் ஆற்றல் துணியில் இல்லை. ஆயினும் தொடக்கத்தில் துணியே வேண்டும் என்றனர். ஏனெனில் ஆடை உடுத்தல் என்ற பொருள் துணியின்றி விளங்காது. மற்றொரு வேறுபாடும் நோக்கத்தக்கது. ஒருமுறை முறைப்படி துணி உத்தரியம் பெற்றவர், அது கிழிந்தால் வேறொன்றை வாங்கி ஆசீர்வாதமின்றியே அணியலாம். பதக்கமோ மாற்றுந்தோறும் ஆசீர்வதிக்கப்படல் வேண்டும். பழைய சட்டை கிழிந்தவன் புதிய சட்டை போடுவது போன்றது முன்னையது.

இப்போது நைலோன் வினாவிற்கு விடை காண்போம். துணி பற்றிய பழைய நுண்விதிகள் பெரும்பாலும் ஞானப்பலன்களைப் பெறுவதற்குரிய நிபந்தனைகளாக எழுந்தவை. 1967 ஆம் ஆண்டில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஞானப்பலன் முறையைச் சீர்திருத்தி, நாட்கணக்கையும் ஆண்டுக்கணக்கையும் நீக்கி, பலனை மனமாற்றத்தோடும் பிறரன்போடும் நெருங்கப் பிணைத்தார். ஆதலால், அறியாமல் வேறு துணியை அணிந்த ஒரு தாயின் ஐம்பதாண்டுச் செபம் ஒரு நூலிழையின் குறையால் வீணாயிற்று என்று எண்ணுவது, உத்தரியத்தின் கருத்தையே தலைகீழாக்குவதாகும். அவ்வாறு எண்ணினால் அது மீண்டும் அச்சரக்கூடு ஆகிவிடும். அதற்காகத் துணியைப் பற்றிய பழைய விதி பொருளற்றது என்றும் சொல்லேன். வாங்கும்போது கம்பளி கிடைக்குமாயின் கம்பளியை வாங்குதல் மரபைப் போற்றுதல் ஆகும். கிடைக்காதபோது பங்குக் குருவானவரிடம் கேட்டு நடத்தல் போதும். துணியின் பெயரால் அச்சமூட்டி அதிக விலை கேட்பவர்க்கு இடம் கொடுத்தல் ஆகாது.

கம்பளியா அன்றா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஆசீர்வதிக்கப்படாத புதிய துண்டிலிருந்து ஓர் இழையை உருவித் தீயிற் காட்டுக. தலைமயிர் கருகும் நாற்றம் எழுந்து, விரலிற் பொடியும் கரி எஞ்சினால் அது கம்பளி. கடதாசி எரியும் மணமும் மென்சாம்பலும் பருத்தியைக் காட்டும். உருகிக் கட்டி மணியாய் இறுகினால் அது நைலோன் அல்லது பொலியெஸ்தர். கம்பளி மயிர், எங்கள் மயிரையும் நகத்தையும் போன்ற கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. நாற்றத்திற்கு அதுவே காரணம்.

கம்பளியைப் பேணுவதும் கடினமன்று. அது தன் நிறையில் நூற்றுக்கு 30 பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகத் தோன்றாது. ஆகவே வியர்வை தங்கியிருப்பது எளிதிற் புலப்படாது. இடைக்கிடை கழுவுதல் வேண்டும். மயிரின்மேல் மீன்செதிள் போன்ற நுண்செதிள்கள் உண்டு. வெந்நீரிலிட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, துணி சுருங்கித் தடித்துவிடும். தண்ணீரில் மெல்லிய சவர்க்காரமிட்டு அமுக்கி எடுத்து, முறுக்காது நிழலில் உலர்த்துக. பெட்டியில் வைத்தால் அந்துப்பூச்சியின் புழு அரிக்கும். அணிந்திருக்கும் துணியை அது அணுகுவது குறைவு. சிலர் நனையாதிருக்கப் பிளாஸ்ரிக் உறையிலிட்டுத் தைத்து அணிகின்றனர். தோலிற் கம்பளி பட்டால் அரிப்பு உண்டாகும் பிள்ளைகளுக்கு அது உதவியாகவும் இருக்கும். நைந்துபோன உத்தரியத்தைக் குப்பையில் எறியாது, எரித்துச் சாம்பலாக்கியோ மண்ணிற் புதைத்தோ விடுதல் மரபு.

நேயர்களே, ஒவ்வொரு சமயமும் தன் உள்ளத்தை ஏதோ ஒரு பொருளின்மேல் எழுதி வைத்திருக்கின்றது. பூணூல் பருத்தி இழையிலும், உருத்திராக்கம் ஒரு மரத்தின் விதையிலும் தம் கருத்தைத் தாங்குகின்றன. உத்தரியம் அதனை ஆட்டுமயிரிலே தாங்குகின்றது. பொருளை இகழ்ந்தால் கருத்து நிற்க இடமின்றிப் போகும். பொருளையே தெய்வமாக்கினாலோ கருத்து மூச்சுத் திணறி இறக்கும். இரண்டிற்கும் இடையில் நடப்பதே அறிவுள்ள பக்தி. உங்கள் பிள்ளையிடம் எவரேனும் அது என்ன என்று கேட்டால், “இது என் தோளிற் கிடக்கும் வேலை உடை, இதை எனக்கு அணிவித்தவர்களைப் போல நானும் வாழ முயல்கிறேன்” என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அந்த விடையை உண்மையாக்குவது துண்டு எத்துணியால் ஆனது என்பது அன்று. அதனை அணிந்தவர் அன்றைய பொழுதை எவ்வாறு கழித்தார் என்பதே.